தோண்டு, பையா!

அஸ்ஸாமில் டிக்பாய் என்று ஓர் ஊர். இந்தியாவின் எண்ணெய்ச் சரித்திரத்தைப் பற்றி யார் பேசினாலும் அந்த ஊரிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அந்த ஊரைப் பற்றி யார் பேசினாலும் ஒரு கதையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நீங்களும் கேட்டிருக்கலாம். 1882ஆம் ஆண்டு வாக்கில் திப்ருகடிலிருந்து மார்கெரிட்டா பக்கம் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். காட்டுக்குள் மரம் இழுக்கப் போன யானைகள் திரும்பி வந்தபோது அவற்றின் கால்களில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. மோந்து பார்த்தால் எண்ணெய். யானையின் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஓரிடத்தில் சேற்றோடு சேறாக எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. லேக் என்ற கனடா தேசத்து இஞ்சினியர் உற்சாகம் தாங்காமல், பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்து, “டிக், பாய், டிக்!” என்று கத்தினார். தோண்டு, பையா, தோண்டு! பையன் தோண்டினான். எண்ணெய் வந்தது. ஊருக்கு டிக்பாய் என்று பெயரும் வந்தது.

இந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் நான்; ஒரு கதை நன்றாக இருந்தால், அது பொய்யாகவே இருந்தாலும், அதைப் பாராட்டுவதில் எனக்குத் தயக்கம் கிடையாது. இது நன்றாகவும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் இருப்பது கோட்டக்குப்பத்தில். புதுச்சேரிக்கு வடக்கே, முத்தியால்பேட்டையைத் தாண்டியவுடன் வருகிற ஊர். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஆண்ட நாளில் நாங்கள் இங்கிலீஷ்காரன் பக்கம். இன்றைக்கு விழுப்புரம் ஜில்லா. எங்கள் ஊரில் ‘பாய்’ என்பது மரியாதையான சொல். வயதில் மூத்தவரானாலும், கடைக்காரரானாலும், பேர் தெரியாதவரானாலும் பாய் என்று அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், சந்தோஷமாகப் பேசுவார். நான் டிக்பாய்க்குப் போகப் போகிறேன் என்று டீக்கடையில் சொன்னபோது, காது கொஞ்சம் மந்தமான பெரியவர் ஒருவர், “டிக் பாயா? அவர் எந்தத் தெரு?” என்று கேட்டார்.

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நூற்று நாற்பது வருஷமாகச் சொல்லப்பட்டு வரும் கதையில் யாரும் கேட்காத கேள்வி அது. துரைக்குப் பெயர் இருக்கிறது, லேக். துரையின் தேசம் இருக்கிறது, கனடா. கம்பெனிக்குப் பெயர் இருக்கிறது, அஸ்ஸாம் ரயில்வேஸ் அண்ட் டிரேடிங் கம்பெனி. பையன் எந்தத் தெரு? யார் மகன்? அவன் பையன்தானா, அல்லது நாலு பிள்ளை பெற்ற மனிதனா? வெள்ளைக்காரன் அகராதியில் ‘பாய்’ என்ற சொல்லுக்கு வயது கிடையாது என்பது நமக்குத் தெரியாததல்ல. பல் விழுந்த பட்லரும் பாய்தான். நரைத்த பங்கா இழுப்பவனும் பாய்தான்.

டிக்பாயில் எண்ணெய்க்கென்று ஒரு மியூசியம் வைத்திருக்கிறார்கள். வேறு காரியமாகத் தின்சுகியா வரைக்கும் போன நான், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று அதையும் பார்த்துவிட்டு வந்தேன். பார்க்க வேண்டிய இடந்தான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதல் எண்ணெய்க் கிணற்றை அங்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கிணற்றின் மேல் கோபுரம் நிற்கிறது. 1889 செப்டம்பரில் துளை போட ஆரம்பித்தார்கள். அக்டோபர் 19ஆம் தேதி 178 அடி ஆழத்தில் எண்ணெயின் அடையாளம் தெரிந்தது. அதோடு நிற்காமல் இறங்கி, 1890 நவம்பரில் 662 அடியில் கிணற்றை முடித்தார்கள். தினம் 200 காலன் எண்ணெய் கிடைத்தது. எங்கள் தாலூகாவில் குடிதண்ணீருக்கே இந்த ஆழம் போர் போடுகிறார்கள், அதுவும் இரண்டே நாளில். என்றாலும் அந்தக் காலத்துக்கு, அந்தக் காட்டுக்கு, அது பெரிய காரியம்.

எப்படித் துளைத்தார்கள் என்று தெரிந்துகொண்டால் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும். சுழன்று இறங்குகிற இயந்திரம் இல்லை அது. கனத்த இரும்பு உளியைக் கயிற்றில் கட்டி, தூக்கித் தூக்கிப் போடுவது. நம் பெண்கள் உலக்கை போடுவார்களே, அதே வேலைதான். உரல் மட்டும் அறுநூறு அடி ஆழம். கொதிகலனுக்கு விறகு வேண்டும். விறகு வெட்ட ஆள் வேண்டும். உளி மழுங்கினால் காய்ச்சி அடிக்கக் கொல்லன் வேண்டும். மழை வருஷத்தில் பாதி நாள் விடாது. கொசு இருக்கிறது, மலேரியா இருக்கிறது. இரும்புச் சாமான்களையெல்லாம் யானை இழுத்துக்கொண்டு வந்தது வாஸ்தவம். யானைக்குப் பின்னால் பாகன் நடந்து வந்தானே!

இப்போது அந்தக் கதையைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். யானைக் காலில் எண்ணெய் அப்பியதாகச் சொல்வது 1882 வாக்கில். கிணறு போட்டது 1889இல். இடையில் ஏழு வருஷம். “தோண்டு, பையா!” என்று துரை கத்திய பிறகு ஏழு வருஷம் பையன் மண்வெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தான்? அதற்கும் முன்னால், 1866இல், குட்எனஃப் என்பவர் அதே பிரதேசத்தில் துளை போடத் தொடங்கி, 1867 மார்ச்சில் மாகும் என்ற இடத்தில் 118 அடியில் எண்ணெய் கண்டிருக்கிறார். அமெரிக்காவில் டிரேக் என்பவர் பென்ஸில்வேனியாவில் தம் பிரசித்தி பெற்ற கிணற்றில் எண்ணெய் கண்டது 1859 ஆகஸ்டில். அதற்கு எட்டு வருஷத்துக்குள் நம் தேசத்தில் எண்ணெய்க் கிணறு வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1825இல், வில்காக்ஸ் என்ற ராணுவ உத்தியோகஸ்தர் திஹிங் நதிக்கரையில் எண்ணெய் கசிவதைக் குறித்து வைத்திருக்கிறார். வில்காக்ஸ் நதிக்கரையில் தனியாகப் போயிருப்பாரா? வழி காட்ட உள்ளூர்க்காரன் ஒருவன் இல்லாமலா போயிருப்பார்? எண்ணெய் கசிகிற இடம் அங்கே குடியிருந்த ஜனங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? டிக்பாய் என்பதே அங்கே ஓடும் ஓர் ஓடையின் பழைய பெயர் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியானால் துரை கத்தவே இல்லை. ஊரின் பெயரை இங்கிலீஷாக்கிப் பார்த்து, அதற்கு ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள்.

இதைச் சொன்னால் எனக்கு வேண்டிய ஒரு கல்லூரிப் பேராசிரியர், “சும்மா ஒரு வேடிக்கைக் கதை, அதைப் போய்ப் பிய்க்கிறீரே” என்கிறார். வேடிக்கைக் கதைகள்தான் ஐயா நிற்கின்றன. புள்ளிவிவரத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? குழந்தை மனதில் பதிவது ஒரு யானை, ஒரு துரை, ஒரு பையன். துரை கண்டுபிடிக்கிறார், பையன் கீழ்ப்படிகிறான். அறிவு ஒருத்தனிடம், கை ஒருத்தனிடம். இந்தப் பாடத்தை எட்டு வயதில் படிக்கிறவன் அதை எண்பது வயது வரைக்கும் சுமக்கிறான்.

அந்த ஊருக்கு இன்னொரு கதை உண்டு. அதில் யானை இல்லை என்பதால் அவ்வளவாகப் பிரபலமாகவில்லை. 1899இல் அஸ்ஸாம் ஆயில் கம்பெனி ஏற்பட்டது. 1901 டிசம்பரில் டிக்பாய் சுத்திகரிப்பு ஆலை தொடங்கிற்று. 1921இல் பர்மா ஆயில் கம்பெனி நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. நேபாளி, வங்காளி, பஞ்சாபி என்று பல பாஷைக்காரர்கள் அங்கே வந்து உழைத்தார்கள். 1939 ஏப்ரல் 3ஆம் தேதி அவர்களில் சுமார் பத்தாயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏப்ரல் 18ஆம் தேதி துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. மூன்று பேர் செத்தார்கள். அப்போது அந்த மாகாணத்தில் இருந்தது கோபிநாத் பர்தொலாயின் காங்கிரஸ் கூட்டு மந்திரிசபை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதும் கம்பெனி கம்பெனியாகத்தான் இருந்தது. செப்டம்பரில் யுத்தம் வந்தது. எண்ணெய் யுத்தச் சாமான் ஆயிற்று. தலைவர்களை ஊரை விட்டு வெளியேற்றினார்கள், வேலைநிறுத்தம் முறிந்தது. “தோண்டு, பையா” என்றதும் தோண்டியவன், ஐம்பது வருஷம் கழித்து, “தோண்ட மாட்டேன்” என்று சொன்னான். டிக்பாய் என்றால் எனக்கு ஞாபகம் வர வேண்டியது இதுதான் என்று தோன்றுகிறது.

பர்மாவிலும் இதே மாதிரிதான். ஏனாஞ்சாவுங் என்ற இடத்தில் இங்கிலீஷ்காரன் வருவதற்கு வெகு காலம் முன்பே பர்மியர்கள் எண்ணெய்க் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். நிஜமாகவே தோண்டினார்கள், கையால். இருநூறு அடிக்கு மேலும் போகும். கயிற்றில் கட்டி ஆளை இறக்குவார்கள். உள்ளே விஷவாயு, மிகச் சொற்ப நேரந்தான் தாங்கும். இறங்கினவுடன் இருட்டில் கண் தெரிய வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே கண்ணைத் துணியால் கட்டி உட்கார வைத்திருப்பார்களாம். வெளிச்சத்தைத் தானே மறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் எடுத்துக் கொடுத்த எண்ணெயில்தான் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிந்தது. கிணறுகளை வைத்திருந்த குடும்பங்களுக்குத் ‘த்வின்ஸா’ என்று பெயர்; பரம்பரைப் பாத்தியதை அது. 1886இல் ஸ்காட்லாந்தில் பர்மா ஆயில் கம்பெனி ஏற்பட்ட பின்பு அந்தப் பாத்தியதை என்ன கதிக்கு வந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களும் 1938இல் எழுந்தார்கள். எண்ணெய் வயல் தொழிலாளிகள் ரங்கூனுக்கு நடந்தே போனார்கள்.

1942இல் ஜப்பான்காரன் வந்தபோது இங்கிலீஷ்காரன் சிரியம் சுத்திகரிப்பு ஆலையையும் ஏனாஞ்சாவுங் கிணறுகளையும் தன் கையாலேயே நாசம் செய்துவிட்டுக் கிளம்பினான். இயந்திரம் எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்கு அவ்வளவு திட்டம், அவ்வளவு வெடிமருந்து. அங்கே உழைத்துக்கொண்டிருந்த இந்தியர்கள் வீடு போய்ச் சேருவதற்கு? கால் இருக்கிறது, நடந்து போங்கள். லட்சக்கணக்கான பேர் நடந்தார்கள். அதில் தமிழர்களும் தெலுங்கர்களும் ஏராளம். ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாக வந்தவர்கள் மழையிலும் சேற்றிலும் அட்டைக்கடியிலும் பாதி உயிராக வந்து விழுந்த இடம் லீடோ, மார்கெரிட்டா. டிக்பாய்க்குப் பக்கம்! பர்மாவின் எண்ணெய்க்காரன் நடந்து வந்து அஸ்ஸாமின் எண்ணெய்க்காரன் வாசலில் விழுந்தான். இரண்டு இடத்திலும் முதலாளி ஒருவரே என்பது அவனுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

பர்மா ஆயிலுக்கும் நமக்கும் வேறொரு சம்பந்தமும் உண்டு. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி ‘எம்டன்’ என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக் கடலில் வந்து நின்று குண்டு போட்டது. துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகள் பற்றி எரிந்தன. குண்டு விழுந்ததற்கு ஐகோர்ட் மதில் ஓரத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். கப்பலுக்கோ கல்வெட்டைவிடப் பெரிய ஞாபகச் சின்னம் கிடைத்துவிட்டது: “அவன் சரியான எம்டன்” என்று இன்றைக்கும் பேசுகிறோம். கப்பலை நடத்திய முல்லரின் பெயரும் புத்தகங்களில் இருக்கிறது. அன்றைய தினம் அந்தத் தொட்டிகளுக்கு நடுவே காவல் காத்தவன் யார், மறுநாள் தீயை அணைக்கத் தண்ணீர் இறைத்தவன் யார்? அவனுக்காக நம் பாஷை ஒரு சொல்லைக்கூட ஒதுக்கவில்லை.

மண்ணெண்ணெய்க்கு மட்டும் எத்தனை பெயர் வைத்தோம்! சீமெண்ணெய், கிரசின், கிருஷ்ணாயில். அதற்கு முன்னால் நம் வீடுகளில் எரிந்தது இலுப்பை, புன்னை, ஆமணக்கு. ஆமணக்கு இன்னும் ‘விளக்கெண்ணெய்’ என்ற பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது, வேலை போன பிறகும் பட்டத்தைப் போட்டுக்கொள்ளும் உத்தியோகஸ்தர் மாதிரி. சீமெண்ணெய் வந்த தகர டின்னை நாம் விடவில்லை. மேல்பக்கத்தை வெட்டி, குறுக்கே கட்டையை அடித்து, தண்ணீர் சுமந்தோம். பிரித்துத் தட்டிக் கூரை போட்டோம். கம்பெனிக்காரன் எண்ணெயை விற்றான், நம் தாய்மார்கள் டின்னை வைத்து இரண்டு தலைமுறை குடித்தனம் நடத்தினார்கள். எண்ணெய் மியூசியம் என்று ஒன்றை என் கையில் கொடுத்தால் முதல் அறையில் அந்த டின்னைத்தான் வைப்பேன்.

சரி, மியூசியத்துக்கு வருகிறேன். சென்னையில் அந்தக் காலத்து ஜனங்கள் எழும்பூர் மியூசியத்துக்குச் ‘செத்த காலேஜ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மிருகக்காட்சி சாலை ‘உயிர்க் காலேஜ்’. படிக்காதவர்கள் வைத்த பெயர் என்று சிரிக்கிறோம். எனக்கென்னவோ அதைவிடச் சரியான பெயர் கிடையாது. கம்பெனிகளின் பழைய குரூப் படங்களை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். தேயிலைத் தோட்டமானாலும், பஞ்சாலையானாலும், எண்ணெய்க் கிணறானாலும் படம் ஒன்றுதான். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கீழே பெயர் அச்சிட்டிருக்கும், இடமிருந்து வலம். பின்னால் நிற்கிறவர்களுக்கு ‘ஊழியர்கள்’ என்று ஒரே சொல். இரும்புக்குத் துரு பிடிக்காமல் வர்ணம் அடிக்கிறோம். மனிதனுடைய பெயருக்கு ஒரு வர்ணம் அடிக்க யாருக்கும் தோன்றவில்லை. செத்த காலேஜில் இரண்டு தரம் செத்தவர்கள் அந்தப் பின்வரிசைக்காரர்கள்.

என் பேராசிரிய நண்பர் இதற்கும் ஆட்சேபம் சொல்கிறார். தொழில் மியூசியம் என்பது விஞ்ஞானத்தை விளக்குவதற்கு, கண்ணீர் விடுவதற்கு அல்ல என்பது அவர் கட்சி. நான் கண்ணீரைக் கேட்கவில்லை. விஞ்ஞானத்தைத்தான் கேட்கிறேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன், உளி கீழே பாறையில் விழுகிறதா, மணலில் விழுகிறதா என்பதைக் கயிற்றின் அதிர்ச்சியிலிருந்தே சொல்லுவான். அறுநூறு அடிக்குக் கீழே நடப்பது அவன் உள்ளங்கைக்குத் தெரியும். இது விஞ்ஞானம் இல்லையா? கொதிகலனை விளக்குகிற பலகை இருக்கலாம் என்றால், அந்த உள்ளங்கையை விளக்குகிற பலகையும் இருக்கலாம்.

வெளியூர்க்காரர்களைக் குறை சொல்வது சுலபம். எங்கள் ஊருக்கு வருகிறேன்.

கோட்டக்குப்பத்தில் எண்ணெய்க் கிணறு இல்லை. ஆனால் எண்ணெய்ப் பணம் வராத தெரு இல்லை. எண்ணெய் கிடைத்தது பஹ்ரைனில் 1932இல், குவைத்திலும் ஸவூதியிலும் 1938இல். அதற்கு முன்பே, பாரசீகத்தின் அபாதான் சுத்திகரிப்பு ஆலைக்கு இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுபோனார்கள். அவர்களும் 1920லும் 1922லும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1970களில் எண்ணெய் விலை ஏறியபின் எங்கள் பக்கத்து இளைஞர்கள் சாரி சாரியாகக் கிளம்பினார்கள். வெல்டிங், கிரேன், குழாய் வேலை, சமையல், கார் ஓட்டுவது, கக்கூஸ் கழுவுவது. விசாவில் என்ன தொழில் போட்டிருந்தது தெரியுமா? எத்தனையோ பேருக்கு ‘ஆபீஸ் பாய்’, ‘டீ பாய்’. இங்கே தெருவில் எல்லோரும் “பாய்” என்று மரியாதையாகக் கூப்பிட்டவர், விமானத்தில் ஏறி இறங்கினதும் ‘பாய்’ ஆனார். எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பும் ஒன்றுதான். ஐந்து மணி நேரப் பிரயாணத்தில் அர்த்தம் மட்டும் தலைகீழாக மாறிவிட்டது.

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி இராக் படை குவைத்துக்குள் புகுந்தது. லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்களை அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தன. 1942ஐவிட இது எவ்வளவோ மேல். இந்த முறை அரசாங்கம் விமானம் அனுப்பிற்று. அதை மறுக்கக் கூடாது. ஆனால் அம்மான் வரைக்கும் பாலைவனத்தில் வந்த வழியைப் பற்றி எங்காவது ஒரு மியூசியத்தில் ஒரு படம் இருக்க வேண்டாமா? அதைவிட, பம்பாயில் இறங்கிய பிறகு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்குப் பதில் சொன்ன கதை?

எங்கள் ஊரில் இதற்கென்று ஓர் அறை ஏற்படுத்தலாம் என்று நான் சில பேரிடம் பேசிப் பார்த்தேன். பெரிய செலவில்லை. ஊரில் வாசகசாலை இருக்கிறது, அலமாரி ஒன்று போதும். நீலக் கடிதங்கள், குரலைப் பதிவு செய்து அனுப்பிய கேஸட்டுகள், பழைய பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு, ‘அக்காமா’ அட்டை, இவற்றை வாங்கி வைக்கலாம். ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் கேட்டார்: “நாம என்ன எண்ணெய் கண்டுபிடிச்சவங்களா தம்பி? கூலிக்குப் போனோம், சம்பாதிச்சோம், வந்தோம். இதிலே காட்டறதுக்கு என்ன இருக்கு?” அவர் மாடி வீட்டின் முன்னறையில் பெரிய கண்ணாடி அலமாரி. அத்தர் பாட்டில்கள், ஒட்டகப் பொம்மை, தங்க முலாம் பூசிய காப்பிக் கூஜா. அங்கிருந்து கொண்டுவந்ததெல்லாம் இருக்கிறது, அங்கே இருந்த அவர் மட்டும் இல்லை. பன்னிரண்டு பேர் படுத்த அறையில் ஒருவராக அவர் இருந்ததையும், கபீல் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு பெருநாள் ஊருக்கு அனுப்பாததையும் அவரே எனக்கு ஒரு தரம் சொல்லியிருக்கிறார். மகன்களுக்குச் சொல்லவில்லையாம். “அசிங்கம்” என்றார்.

அசிங்கம் யாருக்கு? இதில்தான் எனக்குக் கோபம். டிக்பாய்க் கதையைத் துரைமார் கட்டினார்கள் என்றால் அதில் ஆச்சரியமில்லை. நம் பெயரை நாமே அழித்துக்கொண்டு, பரவாயில்லை, பையன் என்றே இருக்கட்டும் என்கிறோமே! கூலிக்குப் போனோம் என்றால் கூலிக்குத்தான் உலகத்தில் எல்லா எண்ணெயும் எடுக்கப்பட்டிருக்கிறது. கண்டுபிடித்தவர்கள் பத்துப் பேர். எடுத்தவர்கள் பத்து லட்சம்.

இதையெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 1960களில் காரைக்காலில் எண்ணெய்க்குத் துளை போட்டார்கள். பிறகு காவிரிப் படுகை முழுக்கப் போட்டார்கள். 2017இல் நெடுவாசல் ஜனங்கள் வேண்டாம் என்று உட்கார்ந்தார்கள். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கச் சட்டம் வந்தது. அதில் எங்கள் விழுப்புரம் ஜில்லா இல்லை. 2018இல் மரக்காணத்தை ஒட்டிய கடலில் எண்ணெய் தேடும் உரிமையை ஏலத்தில் கொடுத்தார்கள். 2019 ஜூனில் மரக்காணத்திலிருந்து இராமேசுவரம் வரைக்கும் கைகோத்து நின்றார்கள். மரக்காணம் எங்களுக்கு வடக்கே, அதே கடற்கரைச் சாலையில். எங்கள் குப்பங்களில் வலை இழுக்கிறவர்களுக்குக் கடலின் அடி எங்கே சேறு, எங்கே பாறை, எங்கே மீன் தங்கும் என்பது உள்ளங்கை போலத் தெரியும். நாளைக்கு அங்கே இரும்புக் கோபுரம் ஒன்று எழுந்தால், கடலடியை முதல்முதல் யார் கண்டுபிடித்ததாகப் பலகையில் எழுதுவார்கள் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. அது வேண்டுமா வேண்டாமா என்று கேட்கப்படும்போது வலைக்காரன் முன்வரிசையில் உட்கார வேண்டும். அதற்கு அவனுக்குத் தன் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும். டிக்பாயின் 1939, ரங்கூனின் 1938, அபாதானின் 1922, இவற்றையெல்லாம் அவன் பிள்ளை எட்டாம் வகுப்பிலாவது படித்திருக்க வேண்டும். யானைக் கதை மட்டும் படித்தால் யாராவது “தோண்டு” என்றதும் மண்வெட்டியைத் தேடுவான்.

அலமாரி இன்னும் வாங்கவில்லை. சாமான் மட்டும் வர ஆரம்பித்திருக்கிறது. போன மாதம் எழுபது வயதுக்காரர் ஒருவர் நிடோ பால்மாவு டின் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே அவருடைய மூன்று பாஸ்போர்ட்டுகள். இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். விசாவில் அரபியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு இத்தனை நாளும் தெரியாது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் காட்டினோம். “தொழில்: ஆமில். வேலையாள் என்று போட்டிருக்கிறது” என்றார் ஹஜ்ரத். கிரேனைப் பற்றி ஒன்றும் இல்லை. “அது இருக்கட்டும், என் அத்தா பேரு சரியாப் போட்டிருக்கானா பாருங்க” என்றார் இவர். போட்டிருந்தது. டின்னை எனக்குக் கொடுத்துவிட்டு, பாஸ்போர்ட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். பேரனுடைய காரியத்துக்கு ஏதோ அத்தாட்சி வேண்டுமாம். ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.